படுக்கையறைச் சுவரில் மாடம் வெட்டலாமா?

வீடு கட்டுகிறவர்களும் கட்டிய வீட்டில் கை வைக்கிறவர்களும் அனுப்பும் கேள்விகளுக்கு மாதாமாதம் இங்கே பதில் எழுதுகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் ஏழு ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: படுக்கையறைச் சுவரைக் குடைந்து பொம்மையோ சிலையோ வைக்க ஒரு மாடம். பாட்டி வீட்டில் அகல் வைத்த அதே மாடக்குழிதான், இப்போது 'நிஷ்' என்று பேர் மாற்றிக்கொண்டு, உள்ளே விளக்குப் பட்டையும் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. சரி, எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

எங்கள் வீடு 2009-ல் பில்லர் போட்டுக் கட்டியது. மாடிப் படுக்கையறையில் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் 4 அடி அகலம், 2 அடி உயரத்துக்குக் குழிவாக ஒரு மாடம் வைக்க ஆசை. அம்மா கொடுத்த தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, ஒரு வெண்கல நடராஜர், கொஞ்சம் பீங்கான் சாமான் வைக்கத்தான். கொத்தனார் ஒரே நாளில் வெட்டித் தருகிறேன் என்கிறார். என் கணவர் சுவர் விழுந்துவிடும் என்கிறார். யார் சொல்வது சரி?
*– திருச்சி வாசகி*

ஆளுக்குப் பாதி சரி. ஒரே நாளில் வெட்டலாம், ஒரே நாளில் முடிக்க முடியாது. ஒழுங்காக வெட்டினால் சுவர் விழாது, ஒழுங்கில்லாமல் வெட்டினாலும் பெரும்பாலும் விழாது, விரிசல் விட்டு ஆயுசுக்கும் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

முதலில் சுவரின் கனத்தைப் பாருங்கள். அந்தச் சுவரில் கதவு நிலையோ ஜன்னலோ இருந்தால் அங்கே டேப் வைத்து, இந்தப் பக்கப் பூச்சிலிருந்து அந்தப் பக்கப் பூச்சு வரை அளக்கலாம். 10 இஞ்ச் வந்தால் அது 9 இஞ்ச் சுவர், இரண்டு பக்கப் பூச்சும் சேர்ந்து அப்படிக் காட்டுகிறது. ஐந்தரை, ஆறு என்று வந்தால் நாலரை இஞ்ச் சுவர். அதில் குடைகிற பேச்சே கிடையாது, நேராகக் கீழே கோவை வாசகருக்கு எழுதியிருப்பதற்குப் போய்விடுங்கள்.

அடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? இன்னொரு அறை என்றால் நல்லது. குளியலறை என்றால் வேண்டாம், குழாய் எந்த வழியாக ஓடுகிறது என்று அதைப் பதித்த பிளம்பருக்கே இன்று நினைவிருக்காது. வெளிச்சுவர் என்றாலும் நான் தவிர்ப்பேன். உள்பக்கம் பாதியை எடுத்துவிட்டால் மழைக்கும் உங்கள் நடராஜருக்கும் நடுவில் நிற்பது நாலரை இஞ்ச் செங்கல்தான், ஐப்பசி கார்த்திகையில் விடாமல் நாலு நாள் அடித்தால் ஈரம் உள்ளே காட்டிவிடும். மேற்குச் சுவர் என்றால் சித்திரை வெயிலுக்கு அந்தக் குழி மட்டும் தனியாகச் சுடும்.

பில்லர் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல சேதி. தளத்தின் பாரம் பீம் வழியாகப் பில்லருக்குப் போய்விடுகிறது, நடுவில் இருக்கும் சுவர் அடைப்புச் சுவர்தான். அதற்காக 'சுவரில் பாரமே இல்லைங்க' என்று கொத்தனார் சொன்னால் முழுதாக நம்பிவிடாதீர்கள். கட்டும்போது பீமின் அடிவரை கல்லை இறுக்கி அடைத்திருப்பார்கள், வருஷம் போகப் போகப் பீம் நூலளவு தொய்ந்தால்கூடக் கொஞ்சம் பாரம் சுவர் மேல் உட்காரும். பில்லரே இல்லாமல் சுவர்மேல் தளம் போட்ட வீடு என்றால் கதை வேறு. அப்படிச் சுமை தாங்கும் சுவரில், குழாய் பதிக்க வெட்டும் காடிக்கே, கட்டுச் சுவருக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 1905 கெடுபிடி வைத்திருக்கிறது: செங்குத்தாக வெட்டினால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம், கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. 9 இஞ்ச் சுவருக்கு அது 3 இஞ்சும் ஒன்றரை இஞ்சும். மாடத்துக்கு இது எந்த மூலைக்கு? அந்த மாதிரி வீட்டுக்காரர்கள் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்காமல் உளியைத் தொடவே வேண்டாம்.

இப்போது உங்கள் அளவு. 4 அடி அகலம், 2 அடி உயரம் என்பதை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்பேன், 2 அடி அகலம், 4 அடி உயரம். செங்கல் சுவரில் ஓட்டை போட்டால் அதன் மேல் இருக்கும் கல் மொத்தமும் ஓட்டைக்குள் இறங்கப் பார்க்காது. கல் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பாரத்தை இரண்டு பக்கமும் தள்ளிவிடும், திறப்பின் மேல் முக்கோணமாக நிற்கிற கொஞ்சக் கல்தான் தொங்கும். அகலம் கூடக் கூட முக்கோணமும் வளரும், இரண்டு மடங்கு அகலத்துக்கு நாலு மடங்கு கல். உயரத்தைக் கூட்டினால் அந்தத் தொல்லை இல்லை. 4 அடி அகலம்தான் அழகு என்று மனசு கேட்காவிட்டால், ஒன்றரை அடி அகலத்தில் இரண்டு மாடமாக வெட்டி நடுவில் ஒன்றரைக் கல் அளவுக்காவது சுவரை விட்டுவையுங்கள். பார்க்கவும் ஜோடியாக இருக்கும்.

எங்கே வரவேண்டும் என்பதைப் பென்சிலால் குறித்துவிட்டு உடனே ஆளைக் கூப்பிடாதீர்கள். அதே அளவுக்கு ஒரு பழைய செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி ஒரு வாரம் விட்டுவையுங்கள். படுத்துக்கொண்டு பார்க்கும்போது கண் போகிற இடம் வேறு, நின்று பார்க்கும்போது வேறு. படுக்கையறையில் நாம் பெரும்பாலும் உட்கார்ந்தோ சாய்ந்தோதான் இருக்கிறோம், அதனால் வரவேற்பறையில் வைப்பதைவிட அரை அடி இறக்கி வைத்தால் சரியாக இருக்கும். ஒரு வாரத்தில் அந்தத் தாளை மூன்று தடவை இடம் மாற்றுவீர்கள், பாருங்கள்.

வெட்டுவதற்கு முன் வயர். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர்க் குழாய் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பட்டையில் கை வைக்க வேண்டாம். வேலை நடக்கும்போது அந்த அறைக்குக் கரண்ட் போகிற எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, மிஷினுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் இழுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் முக்கியமான சங்கதி, கல் அடுக்கு. நம் ஊரில் 9 இஞ்ச் சுவரைப் பெரும்பாலும் ஒரு வரிசைக் கல் நீளவாக்கிலும் அடுத்த வரிசை குறுக்குவாக்கிலும் வருகிற மாதிரிக் கட்டுவார்கள். நீளவாக்கில் இருக்கும் வரிசையில் உள்பக்கக் கல்லை மட்டும் உருவிவிடலாம். குறுக்குவாக்கில் இருக்கும் கல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே துண்டு, 9 இஞ்ச். அதைச் சம்மட்டியால் தட்டினால் அடி நேராக மறுபக்கத்துக்குப் போகும். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வேலையில், நான் டீ குடிக்கப் போன பத்து நிமிஷத்தில், கொத்தனார் பொறுமை இழந்து உளியை வைத்து ஓங்கி அடித்துவிட்டார். இந்தப் பக்கம் மாடம் அழகாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் சமையலறையில், குக்கர் வைக்கும் இடத்துக்கு மேலே, மூன்று டைல்ஸ் கழன்று மேடையில் கிடந்தன. அந்த டைல்ஸ் அச்சு கடையில் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது, கடைசியில் வீட்டம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறைச் சுவர் முழுவதுக்கும் வேறு டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தோம். அதனால் சொல்கிறேன், குறுக்குக் கல் வரும் வரிசைகளில் கட்டிங் மிஷினால் நாலரை இஞ்ச் ஆழத்துக்குக் கோடு கோடாக அறுத்து, பிறகு சின்ன உளியால் சில்லு சில்லாகப் பெயர்க்க வேண்டும். மிஷினின் சின்ன வட்டு அந்த ஆழம் போகாது, அறுத்துப் பெயர்த்து, மறுபடி அறுத்து என்று இரண்டு மூன்று தவணையாகத்தான் போகும். தூசி பயங்கரமாக வரும். கட்டிலையும் மெத்தையையும் வெளியே எடுத்துவிடுங்கள், ஏசி-யைப் பிளாஸ்டிக் உறை போட்டு டேப் ஒட்டி மூடுங்கள், வெட்டுகிறவருக்கு நல்ல முகமூடி ஒன்று நீங்களே வாங்கிக் கொடுங்கள், துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய விடாதீர்கள்.

ஆனால் இந்த வெட்டுக்கெல்லாம் முன்னால் லிண்டல், அதாவது திறப்பின் மேல் இருக்கும் கல்லைத் தாங்குகிற கான்கிரீட் கட்டை. பெரும்பாலான ஆட்கள் முதலில் குழியை வெட்டிவிட்டு, 'மேலே கல் நிக்குது சார், ஒண்ணும் ஆகாது' என்று அப்படியே பூசிவிடுவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யச் சொல்லுங்கள். 2 அடி மாடத்துக்கு 3 அடி நீளத்தில், அதாவது இரண்டு பக்கமும் 6 இஞ்ச் சுவரில் உட்காருகிற மாதிரி, 4 இஞ்ச் அகலம் 3 இஞ்ச் கனத்தில் ஒரு குட்டி லிண்டலைத் தரையிலேயே வார்க்கட்டும். 8 எம்எம் கம்பி இரண்டு, அடிப்பக்கமாக. ஈரச் சாக்கு போட்டுப் பத்து நாள் நனைத்து வைக்க வேண்டும். வார்த்த அன்றே மேல்பக்கத்தில் ஆணியால் 'மேல்' என்று கீறி வைத்துவிடுங்கள். காய்ந்தபின் எந்தப் பக்கம் கம்பி இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது, தூக்கிச் செருகும் அவசரத்தில் திருப்பி வைத்துவிட்டால் கம்பி மேலே போய்விடும், அப்புறம் அது இருந்தும் பயனில்லை.

அந்த லிண்டல் போகிற உயரத்தில், கல் நீளவாக்கில் இருக்கும் ஒரு வரிசையாகப் பார்த்து, 3 அடிக்கு மட்டும் உள்பக்கக் கல்லை எடுத்துவிட்டு லிண்டலைச் செருகி, மேல் இடுக்கில் தண்ணீர் குறைந்த கலவையைக் குத்திக் குத்தி இறுக்கி அடைக்க வேண்டும். நாலைந்து நாள் அப்படியே விடுங்கள். அதற்குப் பிறகுதான் கீழே குழி. கொத்தனார் முகம் சுளிப்பார், இதற்கு இரண்டு தடவை வரவேண்டுமே என்று. ஒரு நாள் கூலியைச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று, அளவு. மாடத்துக்குள்ளும் பூச்சு வரும், மேலே கீழே இரண்டு பக்கம் எல்லாம் அரை அரை இஞ்ச், கீழே கிரானைட் பலகை போட்டால் அதன் கனம் வேறு, அதற்கடியில் கலவை வேறு. ஒரு வீட்டில் ஒன்றரை அடிப் பிள்ளையாருக்கு ஒன்றரை அடி உயரத்துக்கே வெட்டி, எல்லாம் பூசி முடித்து நல்ல நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தால், கிரீடம் உள்ளே போகவில்லை. பிள்ளையார் இன்றைக்கும் அந்த வீட்டில் டிவி பக்கத்தில்தான் இருக்கிறார். வைக்கப் போகிற பொருளை அளந்து, தலைக்கு மேல் 4 இஞ்சாவது காற்றோட்டம் விட்டு, அதற்குமேல் பூச்சுக்கும் பலகைக்கும் என்று தனியாகச் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். ஆழம் எல்லாம் முடிந்தபின் நாலரை இஞ்ச் சொச்சம்தான் நிற்கும். நடராஜரின் பீடம் அதைவிட ஆழமாக இருந்தால் அடிக் கிரானைட்டை ஒன்றரை இஞ்ச் வெளியே நீட்டி, விளிம்பை உருட்டி விடலாம், இன்னும் ஆழமாகக் குடையலாம் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

பூசியபின் ஒரு வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும், பட்டியும் பெயிண்டும் மூன்று நாலு வாரம் கழித்து. தீபாவளிக்கு முந்தின வாரம் வேலையை ஆரம்பித்தவர்கள்தான் பொங்கலுக்கு 'பெயிண்ட் உப்பிக்கொண்டு உரிகிறதே' என்று எனக்கு எழுதுகிறார்கள்.

அடுக்ககத்தில் ஏழாவது மாடியில் இருக்கிறோம். சுவரில் ஆணியே இறங்க மாட்டேன் என்கிறது, எந்தச் சுவரைத் தட்டினாலும் ஒரே மாதிரி 'ணங்' என்று கேட்கிறது. மாடம் வெட்டலாமா?
*– சென்னை வாசகர்*

கூடாது. நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அலுமினியப் பலகை அடைத்துச் சுவரையும் தளத்தையும் சேர்த்தே வார்க்கிற கட்டடம் மாதிரித் தெரிகிறது, மைவான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் செங்கலே கிடையாது, சுவர் முழுக்கக் கம்பி போட்ட கான்கிரீட். உங்கள் வீட்டுச் சுவர்தான் மேலே இருக்கிற மாடிகளையும் தாங்குகிறது. அதில் வயருக்குக் காடி வெட்டுவதுகூடத் தப்பு, மாடம் என்றால் சங்கத்துக்காரர்கள் மட்டுமல்ல, மேல் வீட்டுக்காரரும் சண்டைக்கு வரலாம், வந்தால் நியாயம் அவர் பக்கம்தான்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. பரணுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து 6 எம்எம் டிரில்லால் ஒன்றரை இஞ்ச் ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, கீழே காகிதம் பிடித்து உதிர்கிற தூளைப் பாருங்கள். முதலில் வரும் சாம்பல் தூள் பூச்சு, அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு சிவப்பாக வந்தால் செங்கல். வெள்ளையாக, மாவு மாதிரி, டிரில் வெண்ணெயில் போவதுபோல் போனால் ஏஏசி என்கிற லைட்வெயிட் பிளாக். சாம்பல் நிறமே தொடர்ந்து, நடுவில் ஜல்லியில் முட்டி டிரில் கத்த ஆரம்பித்தால் கான்கிரீட், அங்கேயே நிறுத்திவிடுங்கள். (சாம்பல் நிறத்தில் சிமென்ட் பிளாக்கும் உண்டு, ஆனால் அதில் டிரில் இவ்வளவு திணறாது.)

இதே கேள்வியைக் கேட்டிருக்கும் வேறு சிலருக்கு ஏஏசி சுவர் இருக்கலாம். 8 இஞ்ச் பிளாக் என்றால் மாடம் குடைவது இருப்பதிலேயே சுலபம், கைரம்பத்தாலேயே அறுக்கலாம், சம்மட்டியே தேவையில்லை. 3 இஞ்ச் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், லிண்டல் இதற்கும் வேண்டும், மூலைகளில் ஃபைபர் வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு கோடையிலேயே மூலைக்கு மூலை மயிரிழை விரிசல் வந்துவிடும். 4 இஞ்ச் பிளாக்கில் வேண்டாம்.

எங்கள் படுக்கையறைத் தடுப்புச் சுவர் நாலரை இஞ்ச்தான். அதற்கு முன்னால் இன்னொரு நாலரை இஞ்ச் சுவர் எழுப்பி, அதில் மாடம் விட்டுக்கொள்ளலாம் என்று மேஸ்திரி யோசனை சொல்கிறார். முதல் மாடி, அறை 10-க்கு 11. செய்யலாமா?
*– கோவை வாசகர்*

மேஸ்திரியை ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். நாலரை இஞ்ச் செங்கல் சுவர் இரண்டு பக்கப் பூச்சோடு சதுர அடிக்குச் சுமார் 25 கிலோ. 10 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் 100 சதுர அடி, ஆக இரண்டரை டன். இரண்டு கார்களை அந்தச் சுவரோரமாகக் கொண்டுவந்து நிறுத்திவைக்கிற மாதிரி. இப்போது இருக்கும் சுவருக்கு அடியில் பீம் இருக்கலாம், அதிலிருந்து அரை அடி தள்ளி எழுப்புகிற புதுச் சுவர் வெறும் தளத்தின் மேல் உட்காரும். உடனே ஒன்றும் நடக்காது, அதுதான் இதில் மோசம். இரண்டு வருஷம் கழித்துக் கீழ் வீட்டுக் கூரையில் கோடு விழும்போது யாரும் இந்தச் சுவரை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அதற்குப் பதில் ஜிஐ சட்டம், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுச் சட்டம் அடித்து, 12.5 எம்எம் ஜிப்சம் போர்டு மூடுங்கள். சட்டத்தோடு சேர்த்தாலும் சதுர அடிக்கு 2 கிலோவைத் தாண்டாது. மாடம் எத்தனை வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளலாம், லிண்டலும் இல்லை, தூசியும் கம்மி, வயர் எல்லாம் பின்னால் மறைந்துவிடும். கனமான சிலை வைக்கிற மாடமாக இருந்தால் அடியில் போர்டை நம்பாமல் 18 எம்எம் பிளைவுட்டைச் சட்டத்தோடு முடுக்கி வையுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. சுவர் முழுக்க மூடாமல், கட்டிலின் தலைமாட்டில் மட்டும் 4 அடி உயரத்துக்கு அரை அடி ஆழத்தில் ஒரு பெட்டி மாதிரி அடித்து, அதில் இரண்டு பக்கமும் சின்ன மாடம் விட்டால் செல்போன், கண்ணாடி, மாத்திரை, தண்ணீர்ச் சொம்பு எல்லாம் கைக்கு எட்டும். மேல்பரப்பே ஒரு தட்டு மாதிரி ஆகிவிடும். ஒரே விஷயம், கட்டில் அரை அடி முன்னால் வரும். கட்டிலின் நீளம் ஆறரை அடி, பெட்டி அரை அடி என்றால், 10 அடிப் பக்கத்தில் கால்மாட்டில் 3 அடிதான் மிச்சம். அங்கே பீரோ இருந்தால் அதன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தாத்தா காலத்து வீடு. படுக்கையறையாகப் பயன்படுத்தும் உள்ளறையில், சுவர் பூச்சு விழுந்த இடத்தில் பழைய மாடக்குழி ஒன்று அடைபட்டுக் கிடப்பது தெரிகிறது. மேல்பக்கம் கூம்பாக இருக்கிறது. திறந்து விளக்கு ஏற்றலாமா?
*– கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்*

உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் பொறாமையோடு படித்தேன். திறங்கள், தாராளமாக.

அந்தக் கூம்பு அழகுக்கு மட்டும் வைத்ததில்லை. அந்தக் காலத்தில் ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்துக்குச் சுவர் எழுப்பினார்கள், சுவர் கட்டும்போதே குழிக்கு இடம் விட்டுக்கொண்டு போனார்கள், மேலே வர வர ஒவ்வொரு வரிசைக் கல்லையும் இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் போல உள்ளே நீட்டி நீட்டிக் கடைசியில் ஒரே கல்லால் மூடிவிட்டார்கள். கம்பி வேண்டாம், லிண்டல் வேண்டாம், திறப்பே இல்லாததுபோல் பாரம் பக்கவாட்டில் வழிந்துவிடும். நான் மேலே திருச்சி வாசகிக்கு ஒரு பக்கம் எழுதியதை அந்தக் கொத்தனார்கள் ஆறு கல்லில் முடித்திருக்கிறார்கள். சுவருக்குள் தள்ளி இருப்பதால் காற்றுக்குச் சுடர் அணையாது என்பது கூடுதல் வசதி. கார்த்திகைக்கு வாசல் மாடத்தில் ஏற்றிய அகல் நின்று எரிகிற ரகசியம் அதுதான்.

அடைத்திருப்பது பெரும்பாலும் உடைசெங்கலும் மண்ணுமாகத்தான் இருக்கும். சம்மட்டி வேண்டாம், பழைய ஸ்க்ரூடிரைவரும் சின்ன உளியும் போதும், மேலிருந்து ஆரம்பித்து மெதுவாகச் சுரண்டி எடுங்கள். உள்ளே மேல்பக்கத்தில் கறுப்பாகப் புகைக்கரி படிந்திருந்தால் அதைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், உங்கள் பாட்டியோ அவருடைய மாமியாரோ ஏற்றிய விளக்கின் கரி அது. விளிம்பு உதிர்ந்திருந்தால் சிமென்ட் கொண்டு சரிசெய்ய வேண்டாம். அந்தச் சுவர் சுண்ணாம்புக் காரை, ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதை அடைத்துவிடும், பக்கத்தில் எங்காவது உப்புப் பூத்து வெளியே வரும். சுண்ணாம்புக் கலவை தெரிந்த வயதான ஆள் ஒருவர் உங்கள் பக்கம் இன்னும் கிடைப்பார், தேடுங்கள்.

விளக்கு ஏற்றுங்கள். ஆனால் இது படுக்கையறை. கொசுவலையும் திரைச்சீலையும் மூன்றடிக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும், தூங்குவதற்கு முன் அணைத்துவிடுங்கள்.

மாடத்துக்குள் விளக்குப் பட்டை ஒட்டியிருக்கிறோம். பொம்மையின் முகம் இருட்டாகவும் பின்சுவர் பளிச்சென்றும் தெரிகிறது. இராத்திரி கண்ணையும் கூசுகிறது.
*– புதுச்சேரி வாசகி*

பட்டையை மாடத்தின் பின்பக்க மூலையில் ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் பொம்மையின் முதுகில் அடிக்கிறது, முகத்துக்கு எப்படி வரும்? மேல்பக்கத்தின் முன் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள், விளிம்புக்கு உள்ளே முக்கால் இஞ்ச் மறைப்பு விட்டு, பட்டை உள்பக்கம் பார்க்கிற மாதிரி. பால்வெள்ளை மூடி போட்ட அலுமினியச் சட்டத்துக்குள் வைத்தால் புள்ளிப் புள்ளியாகத் தெரியாது. படுக்கையறைக்கு 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போதும், 6500 வாங்கினால் மருந்துக் கடை மாதிரி இருக்கும். கட்டிலோரம் தனி சுவிட்ச் வையுங்கள்.

12 வோல்ட் பட்டைக்கு ஒரு டிரைவர் பெட்டி உண்டல்லவா, அதை எங்கே வைத்தார்கள் என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். பூச்சுக்குள் புதைத்திருந்தால் அது கெட்டுப்போகிற அன்றைக்குச் சுவரை உடைக்க வேண்டும். பட்டையைவிட அதுதான் பெரும்பாலும் முதலில் போகும்.

தலைமாட்டுக்கு மேலே மாடம் வரலாமா? வாஸ்துவில் ஆகாது என்கிறார்களே. படுக்கையறையில் நடராஜர் வைக்கவும் பயமுறுத்துகிறார்கள்.
*– மதுரை வாசகி*

வாஸ்து எனக்குத் தெரியாது. தலைமாட்டுக்கு மேலே கனமான எதையும் வைக்க வேண்டாம் என்பது மட்டும் தெரியும், அது திசைக்காக இல்லை, தலைக்காக. நடராஜர் விஷயம் உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு பேசிக்கொள்ள வேண்டியது.

இதையெல்லாம் கேட்காமல் போன வருஷமே வெட்டிவிட்டோம். மூன்றரை அடி அகலம், லிண்டல் இல்லை. இப்போது மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் போகிறது. பட்டி வைத்து மூடினால் மறுபடி வருகிறது. ஒரு பக்கக் கண்ணாடிக் கதவும் இறுகிக்கொண்டது.
*– நாகர்கோவில் வாசகர்*

பட்டி வைப்பதை நிறுத்துங்கள். மாடத்தின் ஓரத்தைச் சுற்றி நேர்க்கோடாக ஓடுகிற மயிரிழை விரிசல் என்றால் பூச்சு காய்ந்து சுருங்கியது, பயமில்லை. மூலையிலிருந்து சாய்வாக ஏறுவதும் கதவு இறுகுவதும் மேலிருக்கிற கல் இறங்குகிறது என்பதற்கான அடையாளம்.

இன்றைக்கே உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்து வையுங்கள். கண்ணாடிக் கதவைக் கழற்றிவிடுங்கள், இறுகிய கண்ணாடி சொல்லாமல் உடையும். விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், ஒரு மாதம் கழித்து அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். சுவரின் மறுபக்கத்திலும் அதே இடத்தில் கோடு இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடாதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு உள்ளே போகிற அளவுக்கு விரிசல் இருந்தாலோ, மறுபக்கமும் தெரிந்தாலோ, மாதம் எல்லாம் காத்திருக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. மாடத்துக்குள் மரக்கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டு, மேலே நான் சொன்ன மாதிரி லிண்டல் செருகலாம். இல்லையென்றால் நடுவில் ஒன்றரைக் கல் அகலத்துக்குச் செங்கல் தூண் ஒன்று எழுப்பி, மேல் இடுக்கை இறுக்கி அடைத்து, ஒரு பெரிய மாடத்தை இரண்டு சின்ன மாடமாக்கிவிடலாம். அகலம் மூன்றரை அடி என்கிறீர்கள், எனக்கென்னவோ இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, செலவும் கம்மி. கண்ணாடிக் கதவை அதற்குப் பிறகு புது அளவுக்கு வெட்டி மாட்டிக்கொள்ளுங்கள். கதவு உச்சியில் கால் இஞ்ச் இடுக்கு விடச் சொல்லுங்கள், அதைவிடப் பெரிதாக விட்டால் பல்லி போய்க் குடியேறிவிடும், எங்கள் வீட்டுச் செட்டியார் பொம்மைக்குப் பின்னால் ஒன்று இரண்டு வருஷமாக வாடகை இல்லாமல் இருக்கிறது.